லிம்போமா நோயாளி வீட்டில் இருந்தால்: மூளைக்கும் தண்டுவடத்துக்கும் நோய் பரவுவதைக் கவனிப்பது எப்படி

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் டிரெஸ்ஸராக, அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்தவன் நான். வெட்டுக்காயம், பாம்புக்கடி, பூச்சிமருந்து நெடியில் மயங்கி விழுந்தவர்கள், நள்ளிரவுப் பிரசவம் என்று தோட்டத்து மருந்தகத்துக்கு வருகிற எதையும் பார்த்தவுடன் மதிப்பிடப் பழகியிருந்தேன். அப்படிப்பட்ட நான், என் சொந்த அக்காவின் உடம்பில் தெரிந்த ஓர் அறிகுறியைத் தவறாகப் புரிந்துகொண்டேன். இந்தக் கட்டுரையை எழுத அதுவே காரணம்.

அக்காவுக்கு லிம்போமா என்று உறுதியாகி, கீமோவின் நான்காவது சுற்றும் முடிந்திருந்த நேரம். கழுத்துக் கட்டிகள் கரைந்து, சாப்பாடு இறங்கத் தொடங்கி, வீட்டில் எல்லோருக்கும் மூச்சு திரும்பியிருந்தது. ஒரு நாள் காலை அடுப்படியில் உட்கார்ந்து அவர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, கீழுதட்டின் வலது ஓரத்திலிருந்து கோப்பி வழிந்து, தாவாங்கட்டையில் இறங்கி, சட்டையின் கழுத்தோரத்தை நனைத்தது. வழிவது அவருக்குத் தெரியவில்லை. அதனால் துடைக்கவும் இல்லை. கேட்டதற்கு, "பல்லு புடுங்க ஊசி போட்ட மாதிரி இருக்குடா தம்பி, ஒரு வாரமாவே" என்றார். நான் அவரைப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். படம் எடுத்துப் பார்த்துப் பல்லில் குறையில்லை என்றார்கள். நாங்களும் நிம்மதியாகத் திரும்பி வந்தோம். பன்னிரண்டு நாள் கழித்து அவருக்குப் பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியத் தொடங்கிய பிறகுதான் ஈப்போ மருத்துவமனையில் முதுகு நீரை, அதாவது தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் நீரை, எடுத்துச் சோதித்தார்கள். அதில் லிம்போமா அணுக்கள் இருந்தன.

அந்தப் பன்னிரண்டு நாள்கள் உங்கள் வீட்டில் வீணாகக் கூடாது என்பதற்காக, எதைப் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும், யாரிடம் எந்தச் சொல்லில் சொல்ல வேண்டும் என்பதை எழுதுகிறேன். சிகிச்சையை முடிவு செய்வது மருத்துவரின் வேலை. ஆனால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் பார்க்கிற மருத்துவரின் கண்ணில் படாதது, தினமும் பக்கத்தில் இருந்து சோறு போடுகிறவர் கண்ணில் படும்.

கீமோ நடக்கும்போதே எப்படிப் பரவுகிறது?

நம் உடம்பில் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை லிம்போசைட். அது கட்டுக்கடங்காமல் பெருகுவதே லிம்போமா. பெரியவர்களிடம் அதிகம் காணப்படும் வகைக்குப் பரவிய பெரிய பி அணு லிம்போமா என்று பெயர். அதற்கு வழக்கமாகத் தரப்படும் ஆர்-சாப் என்ற மருந்துக் கூட்டு பெரும்பாலும் 21 நாளுக்கு ஒரு சுற்றாக ஆறு சுற்று வரை போகும். மூளைக்குள் ஓடும் இரத்தக் குழாய்களின் சுவர் மட்டும் உடம்பின் மற்றப் பகுதிகளைவிட மிக நெருக்கமாக நெய்யப்பட்டிருக்கிறது. இரத்தத்தில் இருக்கிற நஞ்சும் கிருமியும் மூளைக்குள் புகாமல் காக்கும் வேலி அது. ஆர்-சாப்பில் உள்ள ரிட்டுக்சிமாப் போன்ற பெரிய மூலக்கூறு மருந்துகள் அந்த வேலியைத் தாண்டி மிகக் குறைவாகவே உள்ளே போகின்றன. ஆகவே கழுத்திலும் வயிற்றிலும் கட்டி கரைந்துகொண்டிருக்கும்போதே, முன்பே உள்ளே நுழைந்துவிட்ட சில அணுக்கள் மூளை உறையிலும் தண்டுவட நீரிலும் தங்கிப் பெருக முடிகிறது. இப்படிப் பரவினால் அது பெரும்பாலும் முதல் ஓரிரு ஆண்டுகளுக்குள் தெரிந்துவிடும். சிகிச்சை முடிவதற்கு முன்பே தெரிவதும் உண்டு.

எல்லோருக்கும் இது நேர்வதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2016-இல் வெளியான ஒரு கணக்கீட்டு முறையில் ஆறு கேள்விகள் இருக்கின்றன: வயது 60-க்கு மேலா, இரத்தத்தில் எல்.டி.எச். என்ற நொதியின் அளவு கூடியிருக்கிறதா, நோயாளி வழக்கமான வேலைகளைச் செய்ய முடியாத அளவுக்குத் தளர்ந்திருக்கிறாரா, நோய் மூன்றாம் அல்லது நான்காம் நிலையில் இருக்கிறதா, நிணநீர்க் கணுக்களுக்கு வெளியே ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கிறதா, சிறுநீரகத்திலோ அதன் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியிலோ இருக்கிறதா என்பவை அவை. ஒவ்வோர் ஆமுக்கும் ஒரு புள்ளி. கூட்டினால் ஒன்றோ பூஜ்யமோ வந்தால் இரண்டு ஆண்டுக்குள் மூளைக்கோ தண்டுவடத்துக்கோ பரவும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. இரண்டு மூன்று வந்தால் நூற்றுக்கு மூன்றரை அளவில். நான்கும் அதற்கு மேலும் வந்தால் நூற்றுக்குப் பத்து. விரையில் தோன்றும் லிம்போமாவுக்கும், பர்க்கிட் வகைக்கும், லிம்போபிளாஸ்டிக் வகைக்கும் வாய்ப்பு கூடுதல். ஹாட்ஜ்கின் வகை மூளைக்குப் போவது மிக அரிது. உங்கள் வீட்டு நோயாளிக்கு எந்த வகை, கணக்கு எத்தனை என்பதை அடுத்த முறை நேரடியாகக் கேளுங்கள். கேட்பது நோயாளியின் உரிமை, மருத்துவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பரவல் மூன்று இடங்களில் நிகழலாம், ஒவ்வொன்றும் வேறு முகம் காட்டும். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள உறையிலும் அதன் நீரிலும் பரவினால், அங்கிருந்து கிளம்பும் நரம்புகள் ஒன்றிரண்டு செயலிழக்கும்: முகவாயும் கீழுதட்டின் ஒரு பாதியும் மரத்துப்போவது, முகம் ஒரு பக்கம் கோணுவது, இரட்டையாகத் தெரிவது, விழுங்கும்போது புரையேறுவது, காது திடீரென மந்தமாவது, காலையில் வாந்தியுடன் வருகிற தலைவலி. மூளைக்குள்ளேயே கட்டியாக வந்தால், குணமாற்றமே பல வேளைகளில் முதலில் தெரியும். தினமும் சாமி விளக்கேற்றியவர் அதை மறந்துவிட்டு ஏற்றியாகிவிட்டது என்று சாதிப்பார். கலகலப்பானவர் பேச்சைக் குறைத்துக்கொள்வார். கைபேசியில் எண்ணை அழுத்தத் தெரியாமல் திகைப்பார். இதை வயதின் மேலும் கவலையின் மேலும் போட்டுவிடுவது நம் வீடுகளில் வழக்கம். லிம்போமா உள்ளவரிடம் அந்த வழக்கம் கூடாது. வலிப்பும் ஒரு பக்கக் கைகால் பலவீனமும் வந்தால் யாரும் தாமதிக்க மாட்டார்கள் என்பதால் அவற்றை விரித்து எழுதவில்லை.

மூன்றாவது, முதுகெலும்புக்குள் வளரும் கட்டி வெளியிலிருந்து தண்டுவடத்தை நெருக்குவது. நம் பகுதியில் அதிகம் தவறவிடப்படுவது இதுதான், ஏனென்றால் காலமெல்லாம் ரப்பர்ப் பால் வாளி தூக்கியவருக்கும் செம்பனைக் குலை வெட்டியவருக்கும் முதுகுவலி புதிதன்று. வேறுபாட்டை இப்படிக் காணலாம். உழைப்பினால் வருகிற வலி படுத்தால் குறையும். நெருக்கத்தினால் வருகிற வலி படுத்தால் கூடும், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும், இருமினாலும் தும்மினாலும் சுண்டியிழுக்கும், சில வேளை கச்சை கட்டியது போல மார்பையோ வயிற்றையோ சுற்றி வரும். அதன்பின் கால் தள்ளாடும். சிறுநீர் வராமல் அடைக்கும், அல்லது தெரியாமல் போகும். உட்காருமிடமும் தொடையின் உட்புறமும் மரத்துப்போகும். இந்த நிலையில் தைலம் போட்டு உருவிவிடுகிறவரைத் தேடி ஒரு நாளைக் கழிப்பது பெருந்தவறு. சிகிச்சை தொடங்கும் வேளையில் நடக்க முடிகிறவர்கள்தாம் பிறகும் பெரும்பாலும் நடக்கிறார்கள். கால் முழுவதும் விழுந்த பிறகு தொடங்கினால் திரும்பி எழுவது கடினம்.

கண்ணையும் மறக்கக் கூடாது. பார்வையில் மிதக்கும் புள்ளிகளும், கண்ணாடி மாற்றியும் தெளியாத மங்கலும் லிம்போமா விழிக்குள் வந்திருப்பதன் அடையாளமாக இருக்கக்கூடும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். ஆர்-சாப்பில் இருக்கிற வின்கிரிஸ்டின் என்ற மருந்தே நரம்பைத் தாக்கும். விரல் நுனியும் பாதமும் மதமதக்கும், மலச்சிக்கல் வரும், தாடையில் வலியும் வரலாம். அது பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவில், விரல் நுனியில் தொடங்கி மெதுவாக மேலேறும். பரவலோ பெரும்பாலும் ஒரு பக்கமாக, ஓரிரு நாளிலோ ஓரிரு வாரத்திலோ விரைந்து கூடும். இந்த வேறுபாட்டை வைத்து நீங்களே முடிவு கட்ட வேண்டாம். இரண்டையும் சொல்லுங்கள், ஆனால் ஒரு பக்கமாக வந்ததை அடுத்த சந்திப்புத் தேதி வரை தள்ளாமல் அன்றே சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைச் சோதனையும் 555 புத்தகமும்

அக்காவுக்கு நோய் பரவியது தெரிந்த பிறகு நான் வாராவாரம் ஞாயிறு காலையில் செய்த சோதனைக்கு மூன்று நிமிடம் போதும். வெளிச்சமான இடத்தில், வீட்டு வாசற்படியில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைப்பேன். முதலில் பஞ்சை நுனியாகத் திரித்து, கண்ணை மூடச் சொல்லி, நெற்றி, கன்னம், முகவாய் ஆகிய மூன்று இடங்களிலும் இடதும் வலதுமாகத் தொட்டு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று கேட்பேன். பிறகு பல் தெரியச் சிரிக்கவும், கண்ணை இறுக்கி மூடவும் சொல்வேன். என் விரலை இடமும் வலமும் மேலும் கீழும் நகர்த்தி, தலையைத் திருப்பாமல் பார்க்கச் சொல்லி, எங்கேயாவது இரண்டாகத் தெரிகிறதா என்று விசாரிப்பேன். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் செய்து, சிமெண்டுத் தரையின் கோட்டின் மேல் குதிகாலும் பெருவிரலும் தொடப் பத்து அடி நடக்கச் சொல்வேன். விழாமல் பிடிக்க நான் பக்கத்திலேயே நடப்பேன். கடைசியாகச் சிறுநீரையும் மலத்தையும் பற்றிக் கேட்பேன். தம்பியிடம் இதைச் சொல்ல அக்கா முதலில் கூச்சப்பட்டார். பிறகு என் மனைவி கேட்டு எனக்குச் சொன்னார். உங்கள் வீட்டில் யாரிடம் அவர் தயங்காமல் பேசுவாரோ அவரே கேட்கட்டும்.

பார்த்ததை எழுத வேண்டும். கடைக் கணக்குக்கு வாங்குகிற சின்ன 555 புத்தகம் சட்டைப் பைக்குள் அடங்கும் என்பதால் அதையே பயன்படுத்தினேன். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். தேதி, கீமோ முடிந்து எத்தனையாவது நாள், காய்ச்சல் அளவு, அன்று புதிதாகத் தெரிந்தது, அது தொடங்கிய நேரம். "தலைவலி" என்று மட்டும் எழுதினால் மருத்துவருக்குப் பயன் குறைவு. "காலை 5 மணிக்குத் தலைவலியோடு எழுந்தார், வாந்திக்குப் பிறகு குறைந்தது, மூன்றாம் நாள்" என்று எழுதியிருந்தால் அவர் தலையை நிமிர்த்திப் பார்ப்பார்.

இன்னொரு எச்சரிக்கை. கீமோவின் முதல் ஐந்து நாள் கொடுக்கும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை வீட்டில் மீந்திருக்கும். தலைவலிக்கு அதை எடுத்துக் கொடுக்காதீர்கள். லிம்போமா ஸ்டீராய்டுக்குச் சட்டெனச் சுருங்கும். வலி குறைந்தது போலத் தோன்றி, ஸ்கேனிலும் திசுத் துணுக்குச் சோதனையிலும் நோய் ஒளிந்துகொள்ளக் கூடும். மருத்துவர் சொல்லிக் கொடுப்பது வேறு. நெருக்கப்பட்ட தண்டுவடத்தைக் காக்க அவர்களே உடனே ஸ்டீராய்டு போடுவார்கள்.

முதுகில் ஊசி: அச்சமும் உண்மையும்

முதுகில் தண்ணீர் எடுத்தால் கால் விளங்காமல் போகும் என்ற பேச்சைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இந்த அச்சத்தால் கையெழுத்துப் போட மறுத்து வீட்டுக்குத் திரும்பிய குடும்பங்களையும் தெரியும். ஆகவே இதை மட்டும் பொறுமையாக விளக்குகிறேன்.

பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை போவதில்லை. இடுப்பு எலும்பு வரிசையின் முதல் அல்லது இரண்டாவது எலும்பின் உயரத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்குக் கீழே, மூன்றாவது நான்காவது எலும்புகளுக்கு இடையிலோ, நான்காவது ஐந்தாவது எலும்புகளுக்கு இடையிலோ. அங்கே நீரில் மிதக்கும் நரம்பிழைகள் மட்டுமே உண்டு. ஊசி வரும்போது அவை பெரும்பாலும் விலகிக்கொள்ளும். சில வேளை ஓர் இழையில் ஊசி உரசினால் காலில் மின்சாரம் போலச் சுண்டும். உடனே சொன்னால் மருத்துவர் ஊசியை மாற்றிக்கொள்வார். ஜெர்மனியில் ஹைன்ரிக் குவின்க்கே 1891-இல் தொடங்கிவைத்த இந்த முறை இன்று உலகம் முழுவதும் அன்றாடம் நடக்கிறது. பெரியவர் உடம்பில் இந்த நீர் ஏறக்குறைய 150 மில்லி இருக்கும். நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லி புதிதாக ஊறும். சோதனைக்கு எடுக்கிற சில கரண்டி நீர் அன்றைக்கே ஊறிவிடும். கால் விழுந்ததாகச் சொல்லப்படுகிற பலருக்கு, ஊசிக்கு முன்பே தண்டுவடத்தில் நோய் இருந்தது என்பதே நான் கண்ட உண்மை.

ஊசிக்கு முன் இரத்தத் தட்டணு எண்ணிக்கையைப் பார்ப்பார்கள். இரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் கட்டாயம் சொல்லுங்கள். மூளையில் அழுத்தம் இருக்கும் என்று சந்தேகப்பட்டால் முதலில் தலையை ஸ்கேன் செய்வார்கள். பக்கவாட்டில் படுத்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்து, முகவாயை மார்பில் பதித்து, இறால் போல வளைந்திருக்க வேண்டும். எவ்வளவு வளைகிறாரோ அவ்வளவு எளிதாக ஊசி இறங்கும். பிறகு சிலருக்கு உட்கார்ந்தால் கூடிப் படுத்தால் குறையும் தலைவலி வரும். சில நாளில் அது தானே போய்விடும். காய்ச்சலோ, கழுத்து விறைப்போ, காலில் புதிய பலவீனமோ வந்தால் மட்டும் உடனே திரும்ப வேண்டும்.

முதல் முறை எடுத்த நீரில் அணு தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று உறுதியாகாது. அறிகுறி தொடர்ந்தால் மீண்டும் எடுப்பார்கள். அணுக்களைச் சாயமிட்டுக் காணும் சோதனையைவிட ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற சோதனை நுட்பமாகக் காட்டும். அதே போலச் சாதாரண சி.டி. ஸ்கேன் உறைப் பரவலைத் தவறவிடக்கூடும் என்பதால், மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. தேவைப்படும். மூளைக்கும் முழு முதுகுக்கும் சேர்த்து எடுப்பார்களா என்று கேளுங்கள்.

சிகிச்சை வார்டில்

வேலியைத் தாண்டும் மருந்துகளில் முதன்மையானது மெத்தோட்ரெக்சேட். அதை மிக அதிக அளவில் இரத்தக் குழாய் வழி ஏற்றுவார்கள், அல்லது சிறு அளவில் முதுகு நீருக்குள்ளேயே செலுத்துவார்கள். அதிக அளவில் ஏற்றும்போது சிறுநீரகத்தைக் காக்க நிறையத் திரவம் ஏற்றி, சோடியம் பைகார்பனேட்டால் சிறுநீரைக் காரமாக்கி, மறுநாளிலிருந்து ஃபோலினிக் அமிலம் என்ற முறிவு மருந்தைக் கொடுத்து, இரத்தத்தில் மருந்து இறங்கும் வரை தினமும் அளந்து பார்ப்பார்கள். அதனால்தான் பல நாள் வார்டில் தங்க வேண்டியிருக்கிறது. பாதியில் வீட்டுக்குக் கேட்காதீர்கள். மிஸ்ஸி (தாதி) சிறுநீரை அளக்கச் சொன்னால் ஒரு முறைகூட விடாமல் அளந்து எழுதுங்கள். அந்த நாள்களில் பொன்ஸ்தான், டிக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும், வயிற்றெரிச்சலுக்கான ஒமெப்ரசோலும், நாட்டு மூலிகைக் கஷாயமும் மருந்து வெளியேறுவதைத் தடுத்து நஞ்சாக்கக் கூடும். வீட்டிலிருந்து எதைக் கொண்டு போனாலும் முதலில் மருந்தாளரிடம் காட்டுங்கள்.

முன்னெச்சரிக்கையாக மெத்தோட்ரெக்சேட் கொடுத்தால் பரவல் தடுக்கப்படுமா என்று பல குடும்பங்கள் கேட்கின்றன. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்த அண்மை ஆய்வுகளில் தெளிவான பலன் தெரியவில்லை. ஆகவே உங்கள் மருத்துவர் அதைக் கொடுக்கவில்லை என்றால் அலட்சியம் என்று நினைக்காதீர்கள். பரவிவிட்ட பிறகும் வழி இல்லாமல் போகவில்லை. மெத்தோட்ரெக்சேட், சைட்டராபின், தியோட்டெப்பா, ரிட்டுக்சிமாப் ஆகியவற்றில் தொடங்கி, உடல் தாங்குகிறவர்களுக்குச் சொந்தக் குருத்தணு மாற்றம் வரை சென்ற மரியெட்டா என்ற ஆய்வு 2021-இல் வெளியானது. ஓராண்டு முடிவில் பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்கு நோய் முன்னேறவில்லை. கடுமையான சிகிச்சைதான், எல்லோர் உடம்பும் தாங்காது. கதிர்வீச்சும் சிலருக்கு உதவும். நம் நாட்டில் இரத்த நோய்களுக்கான தேசிய மையம் அம்பாங் மருத்துவமனை. ஈப்போவிலிருந்து அங்கே அனுப்பினால் மறுக்காமல் போங்கள்.

போக்குவரத்துக்கும் தங்குவதற்கும் கையில் காசில்லை என்றால், அரசு மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவைப் பார்க்க வேண்டும் என்று வார்டிலேயே கேளுங்கள். ஊழியர் சேமநிதியில் கடும் நோய்க்கான பணமீட்பும், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில் உடல் இயலாமை ஓய்வூதியமும் உண்டு. இரண்டுக்கும் மருத்துவ அறிக்கை வேண்டும் என்பதால் பிரதிகளை ஒரே கோப்பில் வையுங்கள்.

இரவில் ஏதாவது நேர்ந்தால்

கால் பலவீனம், சிறுநீர் அடைப்பு, வலிப்பு, தெளிவில்லாத பேச்சு, அல்லது 38 டிகிரிக்கு மேல் காய்ச்சலோடு தலைவலி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அவசரப் பிரிவில் முதலில் பேசுகிறவர் மலாய்க்காரராக இருக்கலாம். நம் வீட்டுப் பெரியவர்கள் "வலிக்குது" என்று மட்டும் சொல்லி, அவசரமில்லாதவர்களை உட்கார வைக்கும் பச்சைப் பகுதியில் மணிக்கணக்கில் காத்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். ஆகவே சில மலாய்ச் சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முதல் வார்த்தையாகக் "கான்சர் லிம்ஃபோமா, செடாங் கீமோ" என்று சொல்லிவிட்டு, பிறகு கால் பலவீனத்துக்கு "காக்கி லெமா", மரத்துப்போவதற்குக் "கெபாஸ்", சிறுநீர் போகாததற்குத் "தாக் போலே கென்சிங்", இரண்டாகத் தெரிவதற்கு "நம்பாக் டுவா", வலிப்புக்குச் "சாவான்" என்று சொன்னால் போதும். 555 புத்தகத்தின் முதல் பக்கத்தில் நோயின் பெயர், கீமோவின் பெயர், கடைசிச் சுற்றின் தேதி ஆகியவற்றை எழுதி வைத்து, அதை நீட்டுங்கள்.

முதுகு நெருக்கம் என்று சந்தேகம் இருந்தால் மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டு போகாதீர்கள். மட்டமாகப் படுக்க வைத்து 999-க்கு அழையுங்கள். தோட்டத்துச் சாலைகளுக்குப் பெயர்ப்பலகை இருக்காது, செம்பனைக்குள் எல்லாத் திருப்பமும் ஒன்று போலவே தெரியும். எனவே தோட்டத்தின் பெயர், எந்தப் பிரிவு, பக்கத்தில் உள்ள கோயில் அல்லது தமிழ்ப்பள்ளி ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, பெரிய சாலையும் தோட்டத்துச் சாலையும் சேருகிற சந்தியில் ஒருவரை டார்ச்சு விளக்கோடு நிற்க வையுங்கள்.